சீரில் வந்த மஞ்சள்

1

இந்தப் பொங்கலுக்கும் தம்பி சீர் அனுப்பிவிட்டான். பெட்டி எங்கள் கார் ஷெட்டில், பனி அள்ளும் மண்வாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் வர அதற்கு அனுமதி இல்லை. மறுத்தவள் என் மகள் கார்த்திகா. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு கதவருகில் நின்று, "அது உள்ள வர வேண்டாம்மா" என்றாள். ஊரிலிருந்து வரும் பெட்டியைக் கத்தரிக்கோலோடு ஓடிப்போய்ப் பிரித்தவள்தான் அவள்.

நான் நியூ ஜெர்சிக்கு வந்தது கணவர் இறந்த பிறகு. அதற்கு முன் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உணவு ஆய்வாளராக இருந்தேன். பின்னாளில் அந்தப் பதவிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று நீளமான பெயர் வைத்தார்கள். பார்த்த வேலை ஒன்றுதான். மிளகாய்த்தூளில் செங்கல் பொடி, டீத்தூளில் சாயம், ஜவ்வரிசியை வெள்ளையாக்கும் அமிலம் என்று மனிதன் மனிதனுக்கு எதையெல்லாம் ஊட்டுவான் என்பதற்கு நான் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு சாட்சியாக இருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மாதிரி எடுக்கும் முறையைப் பாடம் நடத்தியும் இருக்கிறேன்.

ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள்: அங்கே சாப்பாடெல்லாம் எப்படி? கெமிக்கல்தானாமே? ஆமாம், கெமிக்கல்தான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை எழுதத்தான் இந்தக் குறிப்பு.

2

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி இருக்கிற பெண்ணுக்குப் பொங்கல் என்றால் பிறந்த வீட்டுச் சீர். அரிசி, வெல்லம், கரும்பு, தேங்காய், மஞ்சள். தட்டில் எடுத்துக்கொண்டு தெருவழியாகத்தான் வருவார்கள். சீர் என்பது பாதி கொடுப்பது, மீதி காட்டுவது.

என் தம்பி செங்கோட்டுவேலு திருச்செங்கோட்டுக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் எங்கள் அப்பாவின் காட்டில் வெள்ளாமை செய்கிறான். கிணற்றுத் தண்ணீர், மஞ்சள், இடையில் கொஞ்சம் சோளம். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு ரிக் வண்டி வாங்கி வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போனபோதும் இவன் மண்ணை விட்டுப் போகவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கணவர் இறந்த வருடமும் பொங்கல் வந்தது. முறைப்படி என் தட்டிலிருந்து மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் எல்லாம் என்மேல் பிரியமுள்ளவர்கள்தாம். கண் கலங்கிக்கொண்டேதான் எடுத்தார்கள். எனக்குச் சட்டப் பிரிவுகள் மனப்பாடம். இதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது என்று மட்டும் தெரியாது.

வேலு உள்ளே போய் ஒரு படி விரலி மஞ்சளை அள்ளிவந்து தட்டில் கொட்டினான்.

"மஞ்ச இல்லாம என்ன சீரு? எங்கக்கா கொழம்பு வெக்காதா? நான் அனுப்பறேன். ஆரு என்ன சொல்றாங்கன்னு பாத்துப்போடலாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் மஞ்சள் வந்தது. அமெரிக்கா வந்த பிறகும் வந்தது. கொஞ்சம் விரலியாகவும் மீதி அரைத்த தூளாகவும். நல்ல பளபளப்பு. இங்குள்ள இந்தியக் கடையில் கிடைப்பது அதற்குப் பக்கத்தில் வெளிறித் தெரியும். சனிக்கிழமைகளில் பூங்காவில் சந்திக்கும் தமிழர்களிடம் நான் சொல்வேன்: "கடை மஞ்சளை நம்பாதீங்க. இது எங்க காட்டு மஞ்சள்." என்னை நம்பி நாலு வீட்டுக்காரர்கள் டப்பா கொண்டுவந்து வாங்கிப் போனார்கள்.

3

கார்த்திகாவுக்குப் பிள்ளை தங்கியது பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு. அவளும் மாப்பிள்ளையும் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. அதனால் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அவள் பயத்தில் சாப்பிட ஆரம்பித்தாள். டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரை செயற்கை, வேண்டாம். எள்ளுருண்டை இயற்கை, வேண்டும். தினமும் பாலில் மஞ்சள். அது போதாதென்று கடையிலிருந்து மஞ்சள் மாத்திரை ஒரு பாட்டில். உடம்பில் நன்றாக ஏறுவதற்கு மிளகுச் சத்தும் சேர்த்தது. பாட்டில்மேல் பச்சை இலைப் படம். இலைப் படம் போட்டுவிட்டால் இந்த நாட்டில் பாதிப்பேர் அடுத்த கேள்வி கேட்பதில்லை. நம் நாட்டில் சாமி படம்.

முதல் பரிசோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். மருத்துவமனையில் ஒரு பெண் வரிசையாகக் கேள்வி கேட்டாள். மூலிகை மருந்து, சத்து மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறாயா?

"இல்லை" என்றாள் கார்த்திகா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. மஞ்சள் எப்போது நமக்கு மருந்தானது? அது சமையல். சளி பிடித்தால் பாலில் போடுவோம், புண்ணில் அப்புவோம், அப்போதும் அது சமையல்தான். அந்த மாத்திரைகூட அவள் கணக்கில் சமையலின் தொடர்ச்சி. நானும் வாயைத் திறக்கவில்லை. நம் ஊரிலிருந்து வந்த எவரும் அந்தக் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வேறு நாட்டில் பிறந்தவள் என்பதால் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளோடு ஈயத்துக்கும் சேர்த்து எழுதினார்கள். சில நாளில் போன் வந்தது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. இருக்கக் கூடாத அளவில் இருக்கிறது. வீட்டில் வேறு யார்? அம்மா. அவருக்கும் எடுங்கள். எடுத்தார்கள். என்னுடையது அவளுடையதைவிட அதிகம். மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவர் குமாரபாளையத்துக்காரர், பள்ளிக்கூட நாளிலிருந்தே பாலில் மஞ்சள் கலந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்; சாப்பாடும் பெரும்பாலும் ஆபீசில்தான்.

"நான் அப்பவே சொன்னேன், அது பெயின்ட் மாதிரி இருக்குதுன்னு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

4

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸும் ஓர் ஆய்வாளரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் அலமாரியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ வாசல்களில் நின்று "ஆய்வுக்கு வந்திருக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறேன். என் வாசலில் யாரும் வந்து நின்றதில்லை.

எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் தாய்மொழி தமிழ் என்று ஏதோ ஒரு பக்கத்தில் பதிவாகியிருந்தது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். நர்ஸ் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். மறுமுனையில் யாழ்ப்பாணத்துக் குரல்.

"வணக்கம் அம்மா. நீங்கள் சமையலுக்கு என்னென்ன தூள் பாவிக்கிறனீங்கள்?"

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். நர்ஸ் எழுதாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் என் ஆங்கிலத்தை அவளுக்கு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுதினாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. விதியை மதிக்கிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அந்த ஆய்வாளரை மட்டும் பிடிக்கவில்லை. சுவரிலும் சன்னலிலும் துப்பாக்கி போன்ற ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்; தண்ணீர் பிடித்தார்; அடுப்படிக்கு வந்து மசாலா டப்பாக்களைத் திறந்து ஒவ்வொரு கரண்டி எடுத்து நெகிழிப் பையில் போட்டு, மேலே பேனாவால் கிறுக்கினார். அவ்வளவுதான்.

நாங்கள் மாதிரி எடுத்தால் சாட்சி நிற்க வேண்டும். நான்கு பாகமாகப் பிரித்து, காய்ந்த பாட்டிலில் போட்டு, தடித்த தாளில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைக்க வேண்டும். கடைக்காரர் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழ வேண்டும். பிரித்தால் கையெழுத்து கிழியும், பொய் வெளியே வரும். அதை நான் அவரிடம் சொன்னேன். போன் அதை மொழிபெயர்த்தது. ஆய்வாளர் சிரித்தார். "இது வழக்குக்கு இல்லை அம்மா, குழந்தைக்கு" என்றார்.

நான் அடுத்த டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

முடிவு வந்தது. சுவரில் இல்லை, தண்ணீரில் இல்லை, மிளகாயில் இல்லை. மஞ்சளில் இருந்தது. எங்கள் காட்டு மஞ்சளில்.

நாலு வீட்டுக்கும் நான்தான் போன் செய்து சொன்னேன். ஒரு வீட்டில் நன்றி சொன்னார்கள். மற்ற மூன்று வீட்டில் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

5

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மஞ்சள்மீது அவருக்குக் கோபமில்லை. குழம்பில் போடும் அளவுக்கு மஞ்சள் தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல மஞ்சளாக இருந்தால். இங்கே பிரச்சினை அதன் மேல் பூசியது. மாத்திரை வேறு சங்கதி: ஒரு மாதத்துக் குழம்பில் போகிறதை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்குவது சமையல் ஆகாது; சிலருக்கு அது ஈரலைக் கெடுக்கும்; பிள்ளைத்தாய்ச்சிக்கு அது பத்திரம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இயற்கை என்று எழுதியிருக்கிறதே என்றாள் கார்த்திகா. ஈயமும் இயற்கைதான், மண்ணிலிருந்து எடுப்பது என்றார் டாக்டர்.

மருந்தென்று பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. விஷம் வருகிற வழியை அடை. பிறகு கீரை, பருப்பு, பால், எலுமிச்சை, விட்டுவிட்ட அந்த இரும்பு மாத்திரை. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் போதுமான அளவு இருந்தால் ஈயம் உடம்பில் ஒட்டுவது குறையுமாம். முருங்கைக்கீரை இங்கே உறைந்த கட்டியாகக் கிடைக்கிறது. உளியால் பெயர்ப்பதுபோல் பெயர்த்துச் சமைக்கிறேன். செடி கொடிகளின் நன்மையை நான் மறுக்கவில்லை. எங்களை இப்போது காப்பாற்றிக்கொண்டிருப்பது அவைதான்.

பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டோம். இப்போது சொல்ல முடியாது என்றார். "ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம்" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீடு நடக்கிறது.

கார்த்திகா ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்:

"ஊரெல்லாம் சாம்பிள் எடுத்தீங்களே, மாமா மஞ்சள்ல ஒரு ஸ்பூன் எடுக்கணும்ன்னு உங்களுக்குத் தோணலியாம்மா?"

சீரில் வந்ததை எந்தப் பெண் சோதனைக்கு அனுப்புவாள்? இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு இதைத் தமிழிலும் விளக்க முடியாது, ஆங்கிலத்திலும் முடியாது. அன்றிலிருந்து அவள் நான் ஊற்றிக் கொடுக்கும் பாலை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறாள். என்னைப் பார்த்துக்கொண்டே முகர்வதில்லை. அந்த மரியாதை இருக்கிறது.

6

வேலுவுக்குப் போன் செய்தேன்.

"என்னங்க்கா, இந்நேரத்துல? கார்த்தி கண்ணு நல்லா இருக்குதுங்களா?"

"இருக்கறா. வேலு, போன சீர்ல வந்த மஞ்சள் ஆரு காட்டுது?"

"ஏனுங்க்கா இப்படிக் கேக்கறீங்க? நம்ம கெணத்துக்காட்டு மஞ்சதானுங்க."

"வேக வெச்சது?"

"நாங்கதானுங்க."

"பாலீஷ்?"

அங்கே அவன் மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"டிரம் வண்டிக்காரன் வந்து உருட்டிப் பாலீஷ் போட்டுக் குடுத்தானுங்க."

"டிரம்முல மஞ்சளோட என்ன போட்டான்?"

"கலர் பொடி கொஞ்சமுங்க. மஞ்சப்பொடியாட்டத்தான் இருக்கும். அது ஒண்ணும் புதுசில்லீங்க்கா. போடாமக் கொண்டுபோனா மண்டில ஒருத்தனும் கையில எடுத்துப் பாக்க மாட்டான். கருகருன்னு செத்த பல்லியாட்டக் கெடக்கும்."

அந்தப் பொடி எது என்று எனக்குத் தெரியும். சோதனைக்கூடத்தில் அதன் பெயர் லெட் குரோமேட், ஈயச் சாயம். எங்கள் ஊரில் ரிக் வண்டிக்கு அடிக்கிற மஞ்சள் வர்ணத்தில் இருப்பதும் அதன் சொந்தக்காரன்தான். மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னது வேதியியல். கார்த்திகாவின் ரத்தத்தைப் பற்றியும் வயிற்றுப் பிள்ளையைப் பற்றியும் அவனிடம் சொன்னேன். அவன் அழுதான். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"உன்ற ஊட்டுக் கொழம்புல எந்த மஞ்சள் போடறீங்க?"

"நாங்க எங்கீங்க்கா பாலீஷ் மஞ்சளத் திங்கறோம்? ஊட்டுக்கு மொதல்லயே ஒரு சாக்கு தனியா எடுத்து வெச்சுருவா என்ற ஊட்டுக்காரி. கலர் போட்டது வவுத்துக்கு ஆகாதுன்னு…"

நிறுத்திக்கொண்டான்.

"ஆகாதுன்னு தெரியும்."

"தெரியும்ன்னா… அப்படிச் சொல்லுவாங்க."

"தெரிஞ்சும் எனக்கு எதுக்குடா அத அனுப்புனே?"

"சீருங்க்கா." அவன் குரலில் உண்மையான திகைப்பு இருந்தது, இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "சீர்த்தட்டுல கருப்பு மஞ்சள வெக்க முடியுங்களா? நாலு பேரு பாப்பாங்க. அதும் அமெரிக்காவுக்குப் போவுது. கார்த்தி ஊட்டுக்காரரு பாத்தா பொறந்த ஊட்டப் பத்தி என்ன நெனைப்பாரு? இருக்கறதுலயே பளிச்சுன்னு இருக்கறதா நானே உக்காந்து பொறுக்குனேனுங்க்கா. ஒவ்வொண்ணா."

கலப்படக்காரர்களை எனக்குத் தெரியும். முகம் தெரியாதவனுக்குத்தான் விற்பார்கள். அதனால்தான் அவர்களால் தூங்க முடிகிறது. தான் தின்னாததை, தின்னக் கூடாது என்று தெரிந்ததை, பாசத்தோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கி அக்காவுக்கு அனுப்பியவனை எந்தப் பிரிவில் வைப்பது? என் தட்டில் திரும்பவும் மஞ்சள் வைத்த கையும் அதுதான்.

"இனிமேல் போடமாட்டேன்னு சொல்லு" என்றேன்.

"சத்தியமாப் போட மாட்டனுங்க்கா."

7

பொங்கலுக்குப் பெட்டி வந்தது. கார் ஷெட்டில் நின்றபடி பிரித்தேன். உள்ளே கருத்த, சுருங்கிய, மண் ஒட்டிய மஞ்சள். இத்தனை அழகில்லாத சீர் எங்கள் வம்சத்தில் யாருக்கும் போயிருக்காது. உடனே போன் செய்தேன்.

"வந்துருச்சு சாமி, பார்த்தேன்" என்றேன்.

"நாங்க திங்கறதுதானுங்க்கா. எங்க சாக்குலருந்தே எடுத்தது. இனிக் கண்ண மூடிக்கிட்டுத் திங்கலாம்."

"மீதி மஞ்சள்?"

"மீதின்னா?"

"மண்டிக்குப் போற மூட்டைடா."

"அது பாலீஷ் போட்டாச்சுங்க்கா. அடுத்த வாரம் ஏத்தறோம்." பிறகு அவனாகவே, "உங்குளுக்குப் போட மாட்டேன்னுதானுங்க சத்தியம் பண்ணுனேன்" என்றான்.

அவன் சத்தியத்தை மீறவில்லை. நான்தான் சரியாக வாசகம் அமைக்கவில்லை.

அந்த மூட்டைகள் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். மண்டி, அரவை மில், பாக்கெட், பேர் தெரியாத அடுப்படிகள். அங்கேயும் யாராவது ஒருத்தி பல வருடம் காத்திருந்து உண்டாகியிருப்பாள். அவளுக்கு அம்மா பாலில் கலந்து கொடுப்பாள். அந்த ஊரில் ஈயத்துக்கு யாரும் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

ஊரில் என் பழைய துறையின் புகார் முகவரிக்கு அன்றே எழுதினேன். ஊர், காடு, பொருள், மூட்டை ஏறும் வாரம், எல்லாம். பெயர் போடவில்லை. வேலைக்காலம் முழுக்க மொட்டைக் கடுதாசிகளைப் படித்தவள் நான். எழுதியது இதுதான் முதல்.

போன வாரம் வேலு கூப்பிட்டான். குரலில் உற்சாகம்.

"அக்கா, ஒரு சங்கதிங்க. மூட்ட ஏத்தற அன்னிக்குச் சாம்பிள் எடுக்க ஆபீசருங்க வந்துட்டாங்க. ஆரோ எழுதிப் போட்டிருக்கறான். அக்கட்டத் தோட்டத்துக்காரனாத்தான் இருக்கும், வாய்க்காத் தகராறு இன்னும் தீரலீல்ல. நேரா அவன் ஊட்டுக்கே போயி, பொண்டாட்டி புள்ளைங்க முன்னால நல்லாக் கேட்டுப்போட்டு வந்தனுங்க."

"சாம்பிள் எடுத்தாங்களா?"

"எங்கீங்க்கா! பாட்டிலெல்லாம் எடுத்து வெச்சாங்க. நான் உங்க பேரச் சொன்னேன். அந்த சாருக்கு மொகமே மாறிப்போச்சு. 'மேடம் எங்குளுக்கு ட்ரெய்னிங்ல பாடம் எடுத்தவங்களாச்சே'ன்னாரு. மோரு குடிச்சுப்போட்டு, பாட்டிலை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாருங்க. அன்னிக்கே மூட்ட போயிருச்சு. எத்தன தூரத்துல இருந்தாலும் நீங்கதானுங்க்கா எங்களக் காப்பாத்தறீங்க."

சாட்சி, நான்கு பாகம், அரக்கு, கிழியும் கையெழுத்து என்று அந்த ஆபீசர் பிள்ளைக்கு நான் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அத்தனையையும் மூடி எடுத்துவைக்க என் பெயர் ஒன்று போதுமானதாக இருந்திருக்கிறது.

"வேலு, தோட்டத்துக்காரங்க ஊட்டுக்குப் போயி மன்னிப்புக் கேளு."

"ஏனுங்க்கா?"

"எழுதினது நான்."

கோபமில்லாமல், ஒரு விவரம் கேட்பதுபோல் கேட்டான்:

"அப்ப இனிச் சீர் வேண்டாங்களாக்கா?"

நான் போனை வைத்துவிட்டேன். பெட்டி மண்வாரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கார்த்திகாவின் ரத்தத்தில் ஈயம் மெல்லக் குறைகிறது. சித்திரையில் பிள்ளை பிறக்கும்.

நேற்று இரண்டாவது புகாரை எழுதினேன், இந்த முறை மேலதிகாரிக்கு. என் முழுப்பெயர், பழைய பதவி, எல்லாம் போட்டேன். மறுபடி யாராவது என் பெயரைச் சொல்லி மோர் ஊற்றினால், அந்தப் பெயர் அதற்கு முன்பே புகார்க் காகிதத்தில் இருக்க வேண்டும். விற்பவருக்கும் புகார் செய்பவருக்கும் என்ன உறவு என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் விடவில்லை. ஓரத்தில் எழுதினேன்: உடன்பிறந்த அக்கா.